ஒரு மணி நேர விமானத்தில் ஒன்பதேகால் மணி நேரம்: அத்திபெலேயிலிருந்து பெரம்பூர் வரை

பெங்களூருவிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே பதிலைச் சொல்லும். நேர்கோட்டில் 290 கிலோமீட்டர், விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று தெரியவில்லை, ஆனால் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இதை முழுசாக நம்பியவள் பெரம்பூரில் இருக்கும் என் தங்கை கலைச்செல்வி. போன மாதம் ஒரு வியாழக்கிழமை நான் இதை வீட்டு வாசலிலிருந்து மண்டப வாசல் வரை அளந்து பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். சென்னைக்கு டிக்கெட் போடப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்து வளர்ந்தது பெங்களூரு லிங்கராஜபுரம். பதினொரு வருடமாக ஓசூர் சாலையின் கடைசியில், அத்திபெலே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளர் வேலை. காலையிலிருந்து மாலை வரை வெர்னியர் காலிப்பரை வைத்துக்கொண்டு உருளை உருளையாக அளந்து, பாதியைத் திருப்பி அனுப்புவேன். அந்தப் புத்தி வீட்டிலும் விடாது. இட்லி வேக எத்தனை நிமிடம் என்று நான் எழுதி வைத்திருப்பதாக என் மனைவி மலர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். எழுதி வைத்திருப்பது உண்மைதான். பதினொன்றரை நிமிடம்.

இப்போது பயணத்தின் காரணம். கலையின் மகன் மகிழனுக்கு மூன்று வயது, காதுகுத்து. எங்கள் வீட்டு வழக்கப்படி பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். நான்தான் ஒரே தாய்மாமன். நான்கு வருடத்துக்கு முன்னால் அவளுடைய மூத்த மகளுக்குக் காது குத்தியபோது என் கார் வாணியம்பாடி பக்கத்தில் புகை விட்டு நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பந்தியே முடிந்திருந்தது. என் இடத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா மகன் தயாளன் உட்கார்ந்து காரியத்தை முடித்துக் கொடுத்தார். அந்த வீடியோவில் கலை பிள்ளையைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் அதை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன்.

அதனால் இந்தத் தடவை அவள் என்னை நம்பவில்லை, என் காரையும் நம்பவில்லை. நேராக விமான டிக்கெட்டே எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். 3,480 ரூபாய். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றதற்குக் கோபித்துக்கொண்டாள்.

"ஒரு மணி நேரம்தாண்ணா. நான் இங்கருந்து தாம்பரம் போறதுக்கே அதை விட ஜாஸ்தி ஆவுது. இதுக்கும் நீ லேட்டா வந்தின்னா, அப்புறம் நான் உன்னை எதுக்குமே கூப்பிட மாட்டேன். பாத்துக்க."

விளையாட்டாகச் சொல்லவில்லை. குரலிலேயே தெரிந்தது.

காலையில் மண்டபம் கிடைக்காததால் மதியம் மூன்றரையிலிருந்து ஐந்து வரை நல்ல நேரம் குறித்திருந்தார்கள். விமானம் 12.15க்கு. முந்தின நாளே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். புதன்கிழமை மாலை வரை கம்பெனியில் ஆடிட், அசைய முடியாது. தாய்மாமன் சீர் பதினொரு தட்டு. அதை விமானத்தில் கொண்டுபோக முடியாது என்பதால் மலர் காரில் எடுத்துக்கொண்டு தனியாக வருவது என்று முடிவானது. அதே பழைய கார்தான், ரேடியேட்டர் மட்டும் புதிது. அவள் என்னை விட நன்றாக ஓட்டுவாள், எந்த வண்டியையும் அவசரப்பட்டு முந்த மாட்டாள்.

காலை சரியாக 7.40. ஒரே வாசலிலிருந்து இரண்டு வண்டிகள் புறப்பட்டன. பாக்கெட் நோட்டில் முதல் வரியை எழுதினேன். மலர் காரைத் தெற்கே திருப்பினாள். எங்கள் வீட்டிலிருந்து தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடலாம். என் டாக்சி வடக்கே திரும்பியது. புறப்படும்முன் ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் பையை என் மடியில் வைத்தாள்.

"தட்டெல்லாம் என்கிட்ட இருக்கு. ஆனா தாய்மாமன் வெறுங்கையோட மண்டபத்துக்குள்ள நுழையக் கூடாதுங்க. ஒரு தேங்காய், வெத்தலை பாக்கு வெச்சிருக்கேன். எங்கயும் கீழ வெச்சிடாதீங்க."

டிரைவர் பெயர் முனிராஜ். ஜீவனஹள்ளிக்காரர், முப்பது வயது இருக்கும். மேம்பாலம் ஏறியதும் கேட்டார். "ஏர்போர்ட்லருந்து எந்த ஊருக்கு சார்?"

"சென்னை."

கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். "சென்னை பின்னாடி இல்ல சார் இருக்குது? ஓசூர் தாண்டி நேரா போனா வந்துடுமே. நீங்க இந்தப் பக்கம் ஏன் வரீங்க?"

"ஃபிளைட்ல ஒரு மணி நேரம்தான்."

"ஹவுதா?" என்றார். அப்படியா என்பதைக் கன்னடத்தில் அவ்வளவு மரியாதையாகவும் அவ்வளவு சந்தேகமாகவும் கேட்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

பெங்களூருவின் காலைப் போக்குவரத்தைப் பற்றிப் புதிதாக எழுத எதுவும் இல்லை. ஆகவே எண்கள் மட்டும். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தின் கடைசி ஒன்றரை கிலோமீட்டர், 19 நிமிடம். சில்க் போர்டு சந்திப்பைக் கடக்க 14 நிமிடம். வெளிவட்டச் சாலையில் ஒரு இடத்தில் பக்கத்து ஸ்கூட்டர்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, தலை சீவி, திரும்ப மாட்டிக்கொண்டார். அதுவரை நாங்கள் நகரவில்லை. ஹெப்பாள் தாண்டிய பிறகுதான் வண்டி வண்டி மாதிரி ஓடியது.

விமான நிலையம் சேர்ந்தபோது 10.35. தூரம் 67.4 கிலோமீட்டர். கட்டணம் சுங்கத்தோடு 1,790 ரூபாய். இறங்குவதற்கு முன் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மொபைலில் மேப்பைத் திறந்து நேர்கோட்டில் அளந்தேன். அத்திபெலேயில் என் வீட்டிலிருந்து சென்னை விமான நிலையம் 262 கிலோமீட்டர். பெங்களூரு விமான நிலையத்திலிருந்து 268. மறுபடியும் அளந்தேன். அதேதான். மூன்று மணி நேரம் பயணம் செய்து, 1,790 ரூபாய் கொடுத்து, சென்னையிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தேன்.

முனிராஜிடம் சொன்னேன். அவர் மேப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "நிஜமாவே தூரமாயிட்டோம்ல?" என்றார். அப்புறம் கொஞ்சம் பயந்தாற்போல, "நான் ரூட் சரியாத்தான் வந்தேன் சார். ரேட்டிங்ல கை வெச்சிடாதீங்க" என்றார். ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். அவர்மேல் தப்பில்லை. அந்த நேரத்தில் மலர் ஆம்பூரிலிருந்து போன் செய்தாள். கிருஷ்ணகிரி தாண்டி பொங்கல் வடை சாப்பிட்டாளாம். வடை சூடாக இருந்ததாம்.

பாதுகாப்புச் சோதனை. பெல்ட், பர்ஸ், கடிகாரம், மொபைல், மஞ்சள் பை எல்லாவற்றையும் தட்டில் வைத்தேன். தட்டு இயந்திரத்துக்குள் போய் நின்றது. பின்னால் வந்தது. மறுபடி உள்ளே போனது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்தார். திரையில் உருண்டையாக ஒன்று. மகிழனுக்கு வாங்கிய தங்கத் தோடு டப்பா என் சட்டைப் பையில் இருந்தது, அதை ஒருவரும் கேட்கவில்லை. நான் பயந்ததெல்லாம் தங்கத்துக்குத்தான்.

அதிகாரி இந்தியில் கேட்டார், நான் கன்னடத்தில் சொன்னேன், கடைசியில் இருவரும் ஆங்கிலத்தில் சமாதானமானோம். கையில் கொண்டுபோகும் பையில் தேங்காய்க்கு அனுமதி இல்லை. அது விதி, அவர் என்ன செய்வார். போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓரத்தில் ஒரு தொட்டியைக் காட்டினார். அதில் லைட்டர், கத்தரிக்கோல், ஷாம்பு பாட்டில். அவற்றின் நடுவே மஞ்சள் பூசி, குங்குமம் வைத்த தேங்காயைப் போட எனக்குக் கை வரவில்லை. காதுகுத்துக்குப் போகிற தேங்காய். வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவர், "இங்கயே உடைச்சு ஆளுக்கு ஒரு பத்தை குடுத்துடுங்க சார்" என்றார். உடைப்பதென்றால் சாமி முன்னால்தான். அதை அவரிடம் விளக்க நேரமில்லை.

திரும்பினேன். உள்ளே வந்தவன் வெளியே போவதற்கு ஒரு தனி முறை இருக்கிறது. கையெழுத்து, முத்திரை, மேலும் ஒரு கையெழுத்து. 22 நிமிடம். லக்கேஜ் கவுண்டரில் இருந்த பெண் கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

"இது மட்டும்தானா சார்?"

"இது மட்டும்தான்."

"டிராலி, சூட்கேஸ் ஏதாச்சும்?"

"இல்லீங்க. தேங்காய் மட்டும்."

அவர் பையை எடை மேடையில் வைத்தார். 0.6 என்று காட்டியது. அடுத்த தசம இடம் தெரியுமா என்று கேட்டேன். தொழில் பழக்கம். அவர் பையைத் திறந்து பார்த்தார்.

"காஞ்சதா, தண்ணி இருக்கா? கொப்பரைன்னா எடுக்க மாட்டோம்."

நான் தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டினேன். தண்ணீர் சத்தம் கேட்டது. என் வார்த்தையை நம்பாமல் அவரும் வாங்கித் தன் காதருகே ஆட்டினார். பக்கத்துக் கவுண்டர் பெண்ணும் வந்து ஆட்டினார். இருக்கிறது என்று மூவரும் ஒத்துக்கொண்டோம். பைக்குக் காது மாதிரி ஒரு நீளமான சீட்டு ஒட்டி, உடையும் பொருள் என்று ஒரு சிவப்புச் சீட்டும் ஒட்டி, பெல்ட்டில் வைத்தார்கள். ஆள் உயரப் பெட்டிகளுக்கு நடுவே மஞ்சள் பை ஒற்றையாக ஆடி ஆடிப் போனது. வெற்றிலையையும் பாக்கையும் மட்டும் என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

மறுபடி சோதனை, மறுபடி வரிசை. 12.15 விமானம் 12.50க்குத்தான் நகர்ந்தது. பிறகு தரையிலேயே 21 நிமிடம் ஊர்ந்தது. சக்கரம் தரையை விட்ட நொடியில் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். 1.11. ஜன்னலோரம் இருந்த இளைஞர், "முதல் தடவையா அங்கிள்?" என்று பரிவாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்குவதை விட அது சுலபம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். பறப்பது அருமையாக இருந்தது. கோலார் பக்கத்து ஏரிகள், பாறை மலைகள், கண் மூடித் திறப்பதற்குள் சமவெளி. தண்ணீர் கொடுத்துவிட்டு உடனே காலிக் குவளையைக் கேட்டார்கள். 36ஆவது நிமிடம் சென்னை தெரிந்தது. 38ஆவது நிமிடம் கடல் தெரிந்தது. சென்னைக்குப் போகிறவன் கடலைப் பார்க்கிறான் என்றால் சென்னையைத் தாண்டிவிட்டான் என்று அர்த்தம். ஓடுபாதை காலியில்லையாம், கடல்மேல் வட்டம் அடித்தோம். எங்கோ கீழே மகிழன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறான், நான் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறேன். 14 நிமிடம். தரை தொட்டபோது 2.06. காற்றில் இருந்த நேரம் மொத்தம் 55 நிமிடம். ஆக, இணையதளங்கள் பொய் சொல்லவில்லை. விமானம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது. விமானத்துக்கு முன்னாலும் பின்னாலும்தான் யாரும் கணக்கு எழுதவில்லை.

விமானத்தை விட்டு இறங்கி, 2.30க்கு மொபைலை உயிர்ப்பித்தேன். மலரின் செய்தி வந்து விழுந்தது. "2.15க்கு வந்துட்டேன். தட்டெல்லாம் இறக்கியாச்சு. சாம்பார் நல்லா இருக்கு." கூடவே பதினொரு தட்டின் படம்.

பெல்ட் அருகே நின்றேன். பெட்டிகள் வந்தன, போயின. ஜன்னலோர இளைஞர் தன் பையை எடுத்துக்கொண்டு எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். 2.45க்கு பெல்ட் காலியாகச் சுற்றியது. கலை போன் செய்தாள்.

"இறங்கிட்டியாண்ணா? எங்க இருக்க?"

"ஏர்போர்ட்ல. லக்கேஜுக்கு நிக்கிறேன்."

"லக்கேஜே இல்லன்னு அண்ணி சொன்னாங்களே?"

"தேங்காய் வரணும் கலை."

"தேங்காயா?"

நடந்ததைச் சொன்னேன். பின்னணியில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது, மலராகத்தான் இருக்கும். "சரி, விட்டுட்டு வந்துடட்டுமா? நீயே சொல்லு" என்றேன். விடு, இங்கே கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன். அவளால் சொல்ல முடியவில்லை. அவளும் அதே வீட்டில் பிறந்தவள். மஞ்சள் பூசிப் புறப்பட்ட தேங்காயைப் பாதி வழியில் விட்டுவரச் சொல்ல எங்கள் இருவருக்கும் நாக்கு எழாது. "சீக்கிரம் வரச் சொல்லுண்ணா" என்றாள். யாரிடம் சொல்வது?

3.04க்கு ரப்பர் திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெரிய நீலத் தட்டு வந்தது. அதன் நடுவே மஞ்சள் பை. துப்புரவுப் பணியாளர் ஒருவர் எடுத்துக் கொடுத்து, "பத்திரமா வந்துடுச்சு சார்" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

செயலியில் பிடிக்கும் டாக்சிக்கு அங்கே வாகன நிறுத்தக் கட்டடம் வரை நடக்க வேண்டும், இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 16 நிமிடம் போனது. 3.20க்கு வண்டி கிளம்பியது. பெரம்பூர் 25 கிலோமீட்டர். நான்கு மணிக்கு வடபழனி. 4.20க்குக் கோயம்பேடு தாண்டியிருந்தோம். மொபைல் அதன்பின் நிற்கவே இல்லை. மண்டபத்துப் பெரியவர் ஒருவர் நேரம் போகிறது, யாரையாவது உட்கார வையுங்கள் என்கிறாராம். 4.40க்கு மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"மச்சான், எங்க இருக்கீங்க?"

"அயனாவரம் மாப்பிள்ளை. பத்து நிமிஷம்."

"கலை கதவாண்டயே நிக்கிறா. நீங்க வந்துடுவீங்கன்னு சொல்லிட்டே இருக்கா. சீக்கிரம் வாங்க."

அந்த வீடியோ நினைவுக்கு வந்தது. இன்னொரு வீடியோவிலும் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றால் அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? ஓடுபாதை காலியில்லை என்றா? நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். டிரைவர் என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டு ஒரு சந்துக்குள் திருப்பி, மண்டபத்தின் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். 890 ரூபாய். 4.52.

பின்பக்கம் சமையற்கட்டு. அண்டாக்களுக்கு நடுவே புகுந்து, வெங்காயக் கூடையைத் தாண்டி, மேடைக்குப் பக்கவாட்டில் போய் நின்றேன். மணைமேல் தயாளன் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் மகிழன். ஆசாரி கம்பியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கலை முன்வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளுக்குப் பின்னால் வந்து நிற்கிறேன் என்று தெரியாமல்.

"கலை!"

திரும்பினாள். ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். திட்டவில்லை. தயாளன் சட்டென்று எழுந்தார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. "வாங்க வாங்க, உங்க இடம்" என்று பிள்ளையை என்னிடம் நீட்டினார்.

இங்கேதான் நான் கணக்கில் எடுக்காத ஒன்று நடந்தது. மகிழன் என்னைப் பார்த்தான். ஒரு நொடி யோசித்தான். தன் அம்மாவிடம் சந்தேகமாகக் கேட்டான். "இது போன் மாமாதானே? ஏன் பெருசா இருக்காரு?" கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். நான் தூக்கப் போனதும் வீரிட்டு அலறி, தயாளனின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டான். அப்போது நான் சிரிக்கவில்லை. ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் முன்பே வந்துவிட்டேன் என்ற பெருமையெல்லாம் அந்த அலறலில் போய்விட்டது. நேரத்துக்கு வந்திருந்தேன். பிள்ளைக்குத்தான் என்னைத் தெரியவில்லை.

தயாளன் நல்ல மனிதர். என்னை மணையில் உட்காரச் சொன்னார். பிள்ளையை என் மடியில் வைத்து, எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவன் இரண்டு கையையும் தன் கையில் வாங்கிக்கொண்டு, நாக்கைத் துருத்தி, காதை ஆட்டி, குரங்கு மாதிரி ஏதேதோ செய்தார். அவன் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஆசாரி முதல் காதை முடித்துவிட்டார். 4.58. இரண்டாவது காதுக்கு மகிழன் என் கட்டைவிரலைக் கடித்தான். அதை நான் உறவின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

பந்தியில் உட்கார்ந்தபோது கலை எதிரே வந்து அமர்ந்தாள். இலை ஓரம் கிடந்த என் நோட்டை எடுத்துப் புரட்டினாள். டாக்சி 2 மணி 55 நிமிடம். தேங்காய்க்காகத் திரும்பிப் போனது. தரையில் ஊர்ந்தது. கடல்மேல் சுற்றியது. பெல்ட். நடை. மறுபடி டாக்சி. மொத்தம் ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம். வரி வரியாக விரலை வைத்துப் படித்தாள். கண் கலங்கிவிட்டது.

"இவ்ளோ தூரமாண்ணா? நான் ஒரு மணி நேரம்னே நெனைச்சிட்டு இருந்தேன். மெட்ராஸ் ஒரு மணி நேரம்தானே, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போக மாட்டேங்கிறானேன்னு நாலு வருஷமா உன்மேல கோவமா இருந்தேன்."

தப்பித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடைக்காது. அத்தனையும் அளந்த எண்கள், கையெழுத்து என்னுடையது, சாட்சிக்குச் சீட்டு ஒட்டிய தேங்காய். ஆமாம் கலை, ரொம்ப தூரம் என்று சொல்லிவிட்டு இரண்டாவது ஜாங்கிரிக்குப் போயிருக்கலாம். ஆனால் மூன்று இலை தள்ளி மலர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதே வாசலிலிருந்து அதே நேரத்துக்குப் புறப்பட்டு, வடை சாப்பிட்டு, காபி குடித்து, 322 கிலோமீட்டரை ஆறு மணி முப்பத்தைந்து நிமிடத்தில் ஓட்டி வந்தவள்.

"தூரம் இல்ல கலை" என்றேன். "அண்ணி ஆறரை மணி நேரத்துல வந்துட்டா. அன்னைக்கு வாணியம்பாடியில கார் நின்னது நிஜம்தான். ஆனா நானே ரெண்டு மணி நேரம் லேட்டாத்தான் கிளம்புனேன். அதுக்கப்புறமும் நான் வந்திருக்கலாம். வரல. சோம்பேறித்தனம், வேற ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு இலையைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

"தெரியும்" என்றாள் கலை. "நீயா சொல்றியான்னு பாத்தேன்." நோட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, பாயசம் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தாள்.

இனி, டிக்கெட் போடப் போகிறவர்களுக்கு. உங்கள் வீடு பெங்களூருவின் வடக்கே, ஹெப்பாள் தாண்டி இருந்து, போக வேண்டிய இடம் சென்னையில் மீனம்பாக்கத்தை ஒட்டி இருந்தால் விமானத்தில் போங்கள். அருமையான வழி. நடு ஊரில் இருந்தால் ரயில். ஓசூர் சாலையில் இருப்பவர்கள் தயவுசெய்து வீட்டை விட்டு வெளியே வந்து வலப்பக்கமா இடப்பக்கமா என்று ஒரு முறை யோசித்துவிட்டுப் புறப்படுங்கள். என் செலவு விமானத்தையும் சேர்த்து 6,160 ரூபாய். மலருக்குப் பெட்ரோல், சுங்கம், வடை எல்லாம் சேர்த்து 2,870, அதுவும் பதினொரு தட்டோடு. விமானத்தில்தான் போவேன் என்றால், வீட்டு வாசலிலிருந்து ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் அதோடு இன்னும் இரண்டு மணி நேரம். தேங்காயைக் கைப்பையில் வைக்காதீர்கள், பெட்டியில் துணிக்கு நடுவே வைத்து, பெட்டியை முதலிலேயே கவுண்டரில் கொடுத்துவிடுங்கள். தேங்காய் மட்டும் கையில் இருந்தால் என்னை மாதிரி நிற்க வேண்டியிருக்கும். ஊசி, கத்தி பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள், இதை யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று. ஒரு ஊர் எவ்வளவு தூரம் என்று அங்கே இருப்பவர்களும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் வராத ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கில் ஏறும். எனக்கு இது தெரியாமல் போய்விட்டது.

திரும்பும்போது மலரோடு காரில் வந்தேன். அந்த நேரத்தை அளக்கவில்லை, தூங்கிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை கலைக்குப் போன் செய்து, வரும் சனிக்கிழமை நானும் மலரும் வருகிறோம் என்றேன்.

"என்ன விசேஷம்?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல."

"யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. சும்மா வரோம். மகிழனைப் பாக்கணும்."

இணைப்பு போய்விட்டதோ என்று "கலை?" என்றேன்.

"இருக்கேன், இருக்கேன்" என்றாள். "அப்ப ரெண்டு நாள் இருக்கிற மாதிரி வாங்க."